டிரிகர்கள் ஓயுமா? சரிபார்க்கும் வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது

தரவுத்தள அட்டவணையில் ஒரு மாற்றம் நடந்தால் தானாக ஓடும் விதியை, அதாவது சிறு நிரலை, டிரிகர் என்பார்கள். மொத்த விற்பனைக் கடை ஒன்றின் தரவுத்தளத்தில் இரண்டு டிரிகர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உருப்படிகள் அட்டவணையில் ஏதாவது மாறினால், முதல் டிரிகர் அந்த ஆர்டரின் உருப்படித் தொகைகளைக் கூட்டி, ஆர்டர் அட்டவணையில் ‘மொத்தம்’ என்ற நெடுவரிசையில் எழுதும். அந்த மொத்தம் மாறினால் இரண்டாவது டிரிகர் தள்ளுபடியை முடிவு செய்யும்: 10,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் 5 சதவீதம், இல்லையென்றால் ஒன்றுமில்லை. தள்ளுபடி முன்பிருந்ததிலிருந்து மாறியிருந்தால் மட்டும், ஒவ்வோர் உருப்படியின் தொகையையும் அது திருத்தி எழுதும். தனித்தனியாகப் படித்தால் இரண்டிலும் குறை சொல்ல எதுவும் இல்லை. 11,000 ரூபாய்க்கு ஓர் உருப்படியைச் சேர்த்தால் தள்ளுபடி போக 10,450 ஆகிறது. அதுவும் 10,000-க்கு மேலேயே இருப்பதால் தள்ளுபடி மாறவில்லை, எழுத எதுவும் இல்லை, எல்லாம் அடங்கிவிடுகிறது. 10,200 ரூபாய்க்கு ஓர் உருப்படியைச் சேர்த்தால் கதை வேறு. தள்ளுபடி போக 9,690 ஆகிறது. 10,000-க்குக் கீழே போய்விட்டதால் தள்ளுபடி பறிபோகிறது. பறிபோனதும் தொகை மறுபடி 10,200 ஆகிறது. தள்ளுபடி மறுபடி வருகிறது. வெளியிலிருந்து யாராவது நிறுத்தும் வரை இது ஓயாது.

இப்படிப்பட்ட விதிகள் என்றாவது ஓய்வுக்கு வந்து சேருமா என்பதை முன்கூட்டியே அறிய, கையில் உள்ள வழிகள் நான்கைந்துதான். ஒரு டிரிகர் இன்னொன்றை எழுப்பி எத்தனை அடுக்கு வரை போகலாம் என்று தரவுத்தள மென்பொருள் தானே வைத்திருக்கும் ஆழ வரம்பை நம்பலாம். பலவிதத் தரவுகளைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கலாம். எந்த டிரிகர் எதை எழுப்பும் என்று வரைபடம் போட்டுச் சுழல் இருக்கிறதா என்று தேடலாம். சுழல் இருந்தால் அது ஏன் ஓயும் என்பதற்குக் காரணம் எழுதி வைக்கலாம். அல்லது சுழலே வராதபடி அட்டவணைகளை மாற்றி அமைக்கலாம். எந்த விதித் தொகுப்பைக் கொடுத்தாலும் ஆம், இல்லை என்று தவறாமல் பதில் சொல்லும் ஒரு கருவியை மட்டும் யாராலும் எழுத முடியாது. ஒரு நிரல் நிற்குமா என்பதைப் பொதுவான ஒரு செயல்முறையால் தீர்மானிக்க முடியாது என்று 1936-லேயே ஆலன் டூரிங் நிறுவிவிட்டார்; தன் செயல்பகுதியில் விருப்பம்போல் கணக்குப் போடக்கூடிய டிரிகரும் ஒரு நிரல்தான். ஆகவே ‘ஓயும்’ என்று உறுதி சொல்லக்கூடிய, ஆனால் சில சமயம் வீணாகச் சந்தேகப்படக்கூடிய வழிகள் ஒரு பக்கமும், சந்தேகப்படாமல் விட்டுவிடக்கூடிய வழிகள் மறுபக்கமும் இருக்கின்றன. இரண்டில் எந்தத் தவறு நமக்குக் குறைந்த செலவு வைக்கும் என்பதே தேர்வின் மையம்.

பெரும்பாலான குழுக்கள் தெரிந்தோ தெரியாமலோ தேர்ந்தெடுத்திருப்பது ஆழ வரம்பைத்தான். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மேலே சொன்ன அதே இரண்டு டிரிகர்களும் அதே 10,200 ரூபாயும் ஒவ்வொரு மென்பொருளிலும் வெவ்வேறு விதமாக முடிகின்றன. மைஎஸ்க்யூஎல் மிகவும் கறாரானது. ஒரு கட்டளை ஏற்கெனவே கையாண்டுகொண்டிருக்கும் அட்டவணையை, அந்தக் கட்டளை எழுப்பிய டிரிகர் மாற்ற முயன்றால், 1442 என்ற பிழை எண்ணைக் கொடுத்துக் கட்டளையையே மறுத்துவிடும். தள்ளுபடி மாறி உருப்படியைத் திருத்த வேண்டி வரும் முதல் ஆர்டரிலேயே இது தெரிந்துவிடும். 11,000 ரூபாய் ஆர்டருக்கும் இதே மறுப்புத்தான். நல்ல விதியையும் கெட்ட விதியையும் சேர்த்தே தடுக்கிறது என்றாலும், தடுப்பது வாடிக்கையாளர் முன்னால் இல்லாமல் நிரலாளர் முன்னால் நடக்கிறது. ஆரக்கிளில், பதிவு (அட்டவணையின் ஒரு வரி) தோறும் எழும் டிரிகர் தன்னை எழுப்பிய அட்டவணையையே படிக்கப் போனால், ஓரா-04091 என்ற பிழை வரும். ஆனால் 11ஜி பதிப்பில் கூட்டு டிரிகர் வந்த பிறகு, கட்டளையின் முடிவில் எழும் பகுதிக்கு வேலையைத் தள்ளி இந்தப் பிழையைச் சுற்றிக்கொண்டு போவது ஆரக்கிள் பழகியவர்களுக்குக் கைவந்த கலை. அப்படிச் சுற்றிப் போகும்போது பிழையோடு பாதுகாப்பும் போய்விடுகிறது. அதன் பின் மிஞ்சுவது உள்ளுக்குள் 50 அடுக்கு என்ற வரம்பும் ஓரா-00036 என்ற பிழையும்தான். டிபி2-வில் அந்த வரம்பு 16 அடுக்கு.

எஸ்க்யூஎல் சர்வரில் 32 அடுக்கு. அங்கே பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் ஓர் அமைப்பு உண்டு. டிரிகர் தன்னைத்தானே எழுப்பிக்கொள்வதைத் தடுக்கும் தேர்வு ஒவ்வொரு தரவுத்தளத்திலும் இருக்கிறது. இயல்பாகவே அது தடுக்கும் நிலையில்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ‘நமக்குச் சுழல் வராது’ என்று நிம்மதியாக இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் டிரிகர் இரண்டாவதை எழுப்பி, இரண்டாவது மறுபடி முதலாவதை எழுப்பும் சுற்றுவழியை அந்தத் தேர்வு தொடவே தொடாது. அதைத் தடுக்க வேண்டுமானால் சர்வர் முழுவதற்குமான வேறோர் அமைப்பை மாற்ற வேண்டும், அதை மாற்றினால் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் மற்ற அடுக்கு டிரிகர்களும் நின்றுவிடும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. எஸ்க்யூஎல் சர்வரின் டிரிகர் பதிவுக்கு ஒருமுறை எழுவதில்லை, கட்டளைக்கு ஒருமுறை எழுகிறது. கட்டளை ஒரு பதிவைக்கூட மாற்றாவிட்டாலும் எழுகிறது. ஆகவே ‘தள்ளுபடி மாறியிருந்தால் மட்டும்’ என்ற நிபந்தனையைத் திருத்தும் கட்டளையில் எந்தப் பதிவுகளைத் திருத்துவது என்று சொல்லும் WHERE பகுதியில் வைத்துவிட்டு, டிரிகரின் தலைப்பில் ‘பதிவு எதுவும் மாறவில்லையென்றால் திரும்பிவிடு’ என்ற ஒரு வரியை எழுத மறந்தால், பூஜ்யம் பதிவுகளைத் திருத்திய கட்டளைகளே ஒன்றையொன்று எழுப்பி 32 அடுக்கைத் தொட்டுவிடும். அப்போது 10,200 மட்டுமல்லாமல் ஒரு பாவமும் அறியாத 11,000 ரூபாய் ஆர்டரும் 217 என்ற பிழையோடு ரத்தாகும்.

போஸ்ட்கிரஸ் இதில் தனி வகை. அடுக்குகளுக்கு நேரடியான எண்ணிக்கை வரம்பு எதுவும் இல்லை என்றும், முடிவில்லாமல் சுழலாமல் பார்த்துக்கொள்வது டிரிகரை எழுதுபவரின் பொறுப்பு என்றும் அதன் ஆவணமே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. நடைமுறையில் நிறுத்துவது, ஒன்றுக்குள் ஒன்றாக ஓடும் அழைப்புகளை வைத்திருக்கும் ஸ்டாக் நினைவகத்தின் அளவு. இயல்பாக அது 2 எம்பி. அது நிரம்பியதும் பிழை வந்து, முழுப் பரிவர்த்தனையும் (ஒன்றாக நிறைவேற வேண்டிய கட்டளைகளின் தொகுப்பு) திரும்பப் பெறப்படும். அந்தப் பிழைச் செய்தியோடு ஒரு குறிப்பும் வரும்: இந்த அளவைக் கூட்டிப் பாருங்கள் என்று. நள்ளிரவில் அழைப்பு வந்து எழுந்த ஒருவர் அந்தக் குறிப்பை அப்படியே பின்பற்றுவது இயல்பு. பின்பற்றினால் அதே சுழல் இன்னும் கொஞ்ச நேரம் ஓடி, இன்னும் அதிகமான பூட்டுகளைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதே பிழையில் வந்து முடியும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது சத்தமில்லாமல் நிறுத்தும் முறைதான். போஸ்ட்கிரஸ் 9.2 பதிப்பிலிருந்து, நாம் எத்தனையாவது டிரிகர் அடுக்கில் இருக்கிறோம் என்று சொல்லும் ஒரு செயற்கூறு உண்டு. ‘அடுக்கு பூஜ்யமாக இருந்தால் மட்டும் எழு’ என்று அதை முதல் டிரிகரின் நிபந்தனையில் சேர்த்துவிட்டால் சுழல் உடனே நின்றுவிடும். தேடினால் முதலில் கிடைக்கும் தீர்வும் இதுதான். நம் 10,200 ரூபாயை அதில் ஓட்டிப் பார்ப்போம். உருப்படி சேர்ந்ததும் முதல் டிரிகர் எழுந்து மொத்தம் 10,200 என்று எழுதுகிறது. இரண்டாவது எழுந்து 5 சதவீதத் தள்ளுபடி கொடுத்து உருப்படியின் தொகையை 9,690 ஆக்குகிறது. இப்போது முதல் டிரிகர் மறுபடி எழ வேண்டும், ஆனால் அடுக்கு பூஜ்யம் இல்லை என்பதால் எழவில்லை. பரிவர்த்தனை வெற்றிகரமாகக் கமிட் ஆகிறது, அதாவது நிரந்தரமாகப் பதிகிறது. ஆர்டர் அட்டவணை 10,200 என்கிறது, உருப்படிகளைக் கூட்டினால் 9,690 வருகிறது. 510 ரூபாய் வித்தியாசம், எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. இது 10,200-க்கு மட்டும் வரும் சிக்கலும் இல்லை. ஒழுங்காக அடங்கிக்கொண்டிருந்த 11,000 ரூபாய் ஆர்டரிலும் இனி மொத்தம் 11,000 என்றும் கூட்டினால் 10,450 என்றும் நிற்கும். எஸ்க்யூலைட்டில் இந்தக் காவல்கூட வேண்டியதில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் டிரிகரை அது இயல்பாகவே மறுபடி எழுப்பாது. அதை அனுமதிக்கும் தேர்வை நாமாக இயக்கினால்தான் எழுப்பும், அப்போது வரம்பு 1,000 அடுக்கு. இயல்பு நிலையில் அங்கேயும் விதிகள் பாதியிலேயே சத்தமில்லாமல் நின்றுவிடும். விதிகள் நின்றன என்பதும் விதிகள் சொல்ல வந்தது நிறைவேறியது என்பதும் இரண்டு வெவ்வேறு செய்திகள். ஆழ வரம்பு முதல் செய்தியை மட்டுமே தருகிறது, அடுக்குக் காவல் அதையும் இரண்டாவது செய்தியைப் போல வேடமிட்டுத் தருகிறது.

வரம்பு எட்டாத இடங்களும் உண்டு. போஸ்ட்கிரஸில் கட்டுப்பாட்டு டிரிகர்களைக் கமிட் வரை தள்ளிப்போட முடியும். அப்படித் தள்ளிப்போட்டவை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்படுவதில்லை. ஒரு வரிசையில் நின்று ஒவ்வொன்றாக ஓடுகின்றன. ஓடும்போது புதிதாக ஏதாவது வரிசையில் சேர்ந்தால் அதுவும் முடியும் வரை கமிட் காத்திருக்கும். ஒவ்வொரு முறையும் தனக்குப் பின்னால் தன்னையே மறுபடி வரிசையில் சேர்த்துக்கொள்ளும் டிரிகர் இருந்தால், ஸ்டாக் நிரம்பாது, அடுக்கு எண்ணும் கூடாது, கமிட்டும் முடியாது. மாற்றத்தைப் பார்த்து வெளியே ஒரு வேலைச் சேவைக்குச் செய்தி அனுப்பி, அந்தச் சேவை திரும்ப வந்து அதே அட்டவணையில் எழுதும் அமைப்பிலும் இதே கதைதான். அங்கே ஒவ்வொரு சுற்றும் தனிப் பரிவர்த்தனை என்பதால் தரவுத்தளத்தின் எந்த வரம்புக்கும் அது சுழல் என்றே தெரியாது.

ஓட்டிப் பார்த்துச் சோதிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது வேண்டும், ஆனால் இந்தக் கேள்விக்கு அது பதில் ஆகாது. நம் எடுத்துக்காட்டில் சுழல் வரும் தொகைகள் 10,000-லிருந்து 10,526 ரூபாய் 31 காசு வரை மட்டுமே. 500, 7,500, 12,000, 50,000 என்று உருண்டையான தொகைகளைக் கொடுத்துச் சோதித்தால் எல்லாம் பச்சையாகவே தெரியும். நல்ல சோதனையாளர் எல்லைக் கோட்டில் 9,999-ஐயும் 10,000-ஐயும் கட்டாயம் கொடுப்பார், கொடுத்தவுடன் பிடித்துவிடுவார் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த 10,000-மும் 5 சதவீதமும் நிரலில் எழுதப்பட்டிருக்காமல் ஓர் அமைப்பு அட்டவணையில் இருந்தால், விற்பனைப் பிரிவில் ஒருவர் தீபாவளிக்கு முதல் நாள் 25,000-க்கு 8 சதவீதம் என்று இன்னொரு படியைச் சேர்க்கும்போது, எந்த நிரலும் மாறாமலேயே சுமார் 26,316-லிருந்து 27,174 வரை புதிய அபாயப் பகுதி ஒன்று உருவாகிறது. நேற்று ஓடிய சோதனைகளுக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது.

இந்த இடத்தில்தான் விதிகளை ஓட்டாமலே படித்துப் பார்க்கும் முறை தன் தகுதியைக் காட்டுகிறது. ஐபிஎம் அல்மடேன் ஆய்வுக்கூடத்தில் ஸ்டார்பர்ஸ்ட் என்ற ஆய்வுத் தரவுத்தளத்துக்கு விதி அமைப்பு ஒன்றை உருவாக்கிய காலத்தில், அலெக்ஸ் ஐக்கன், ஜோசப் ஹெலர்ஸ்டீன், ஜெனிஃபர் விடம் ஆகிய மூவரும் 1992-ல் இதை முறைப்படுத்தினார்கள். முறை எளிமையானது. ஒவ்வொரு விதியும் ஒரு புள்ளி. ஒரு விதியின் செயல், இன்னொரு விதியை எழுப்பக்கூடிய நிகழ்வை உண்டாக்க வாய்ப்பு இருந்தால், முதல் புள்ளியிலிருந்து இரண்டாவது புள்ளிக்கு ஓர் அம்பு. அம்புகளைப் பின்பற்றிப் போய்ப் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வர முடியவில்லையென்றால், எந்தத் தரவு வந்தாலும், அமைப்பு அட்டவணையை யார் எப்படி மாற்றினாலும், அந்த விதிகள் கட்டாயம் ஓயும். சுழல் இருந்தால் ஓயாது என்று பொருள் இல்லை; ஓயாமல் போகலாம், மனிதர் பார்க்க வேண்டும் என்று பொருள். எந்தப் பக்கம் தவறுகிறது என்று முன்பே தெரிந்த கருவி இது. உறுதி சொன்னால் உறுதி. சந்தேகம் சொன்னால் விசாரணை.

காகிதத்தில் எளிமையாக இருப்பது நடைமுறையில் சில இடங்களில் முட்டிக்கொள்ளும். அம்புகளை எங்கிருந்து எடுப்பது என்பது முதல் முட்டுக்கட்டை. எந்த அட்டவணையின் எந்த நிகழ்வு எந்த டிரிகரை எழுப்பும் என்பது எல்லா மென்பொருளின் அமைப்புப் பட்டியல்களிலும் கிடைக்கும். டிரிகரின் செயல் எதை எழுதுகிறது என்பது அவ்வளவு எளிதில் கிடைக்காது. எஸ்க்யூஎல் சர்வர் இதில் தாராளமானது. ஒரு டிரிகர் தொடும் அட்டவணைகளையும், அவற்றைப் படிக்கிறதா திருத்துகிறதா என்பதையும் அதன் அமைப்புக் காட்சிகளிடமே கேட்டுக்கொள்ளலாம். ஆரக்கிளின் சார்புப் பட்டியல் (எது எதைச் சார்ந்தது என்ற பட்டியல்), தொடும் அட்டவணைகளைச் சொல்லும், படிப்பதா எழுதுவதா என்று பிரித்துச் சொல்லாது. போஸ்ட்கிரஸ், பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல் செயற்கூறின் உடலை வெறும் எழுத்துச் சரமாகவே வைத்திருக்கிறது. அதற்குள் என்ன இருக்கிறது என்று சார்புப் பட்டியலில் பதிவதில்லை. ஆகவே அங்கே நாமே அந்தச் சரத்தைப் படித்து, சேர், திருத்து, நீக்கு கட்டளைகளைத் தேடி எடுக்க வேண்டும். இதற்கு ஒரு நாள் உழைப்பில் எழுதிய சிறு ஸ்கிரிப்ட் போதும். ஓடும் நேரத்தில் சொற்களைச் சேர்த்து உருவாக்கும் கட்டளைகளை மட்டும் எந்த ஸ்கிரிப்ட்டும் பார்க்க முடியாது. அப்படிப்பட்ட கட்டளை உள்ள டிரிகரிலிருந்து எல்லா டிரிகர்களுக்கும் அம்பு போடுவதே நேர்மையான வழி. வரைபடம் கண்றாவியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த டிரிகரை நேரான கட்டளைகளாகத் திருத்தி எழுதச் செய்ய இதைவிட நல்ல தூண்டுகோல் கிடையாது.

மறந்துபோகும் இன்னோர் இடம், ஓர் அட்டவணையின் பதிவை இன்னோர் அட்டவணையின் பதிவோடு கட்டும் அயல் சாவிகள். தாய்ப் பதிவை நீக்கினால் சேய்ப் பதிவுகளும் நீங்கட்டும் என்று ஒரு சொல்லில் எழுதிவிடுகிறோம். போஸ்ட்கிரஸில் அது உள்ளே ஒரு டிரிகர்தான், அந்த நீக்கம் சேய் அட்டவணையின் நீக்க டிரிகர்களை எழுப்பும். அயல் சாவிகளைப் புள்ளிகளாகச் சேர்க்காத வரைபடம் சுத்தமாகத் தெரிவது தவறான நிம்மதி.

அம்புகளை எவ்வளவு நுணுக்கமாகப் போடுவது என்பதில்தான் இந்த முறையின் பயன் இருக்கிறது. அட்டவணை அளவில் போட்டால், ஆர்டரும் உருப்படியும் போல ஒன்றையொன்று எழுதும் எந்த ஜோடியும் சுழலாகவே தெரியும். நாற்பது டிரிகர் உள்ள தரவுத்தளத்தில் பாதி சிவப்பாகிவிடும், சிவப்பே பழகிப் போனால் யாரும் பார்க்க மாட்டார்கள். நெடுவரிசை அளவில் போட்டால் பெரும்பாலான பொய்ச் சுழல்கள் காணாமல் போகும். அதற்கு டிரிகர்களும் ‘இந்த நெடுவரிசை திருத்தப்பட்டால் மட்டும்’ என்று எழுதப்பட்டிருக்க வேண்டும். போஸ்ட்கிரஸில் இது 9.0 பதிப்பிலிருந்து உண்டு. அங்கே ஒரு நெளிவு இருக்கிறது: நெடுவரிசையின் பெயர் திருத்தும் கட்டளையில் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்பதைத்தான் மென்பொருள் பார்க்கிறது, மதிப்பு உண்மையில் மாறியதா என்பதைப் பார்ப்பதில்லை. எழுதுவதற்கு முன் எழும் டிரிகர் ஒன்று அந்த நெடுவரிசையின் மதிப்பைத் தானே மாற்றினாலும், அதை ஒரு மாற்றமாகக் கணக்கில் எடுப்பதில்லை. முதலாவதால் வீண் அம்புகள் கூடும். இரண்டாவதால், எழ வேண்டிய டிரிகர் எழாமலே போகலாம்.

சுழல் இருக்கும், ஆனால் நிபந்தனைகளால் அது சுற்றாது என்ற நிலைகளுக்காக, வரைபடத்தோடு இரண்டாவது வரைபடம் ஒன்றையும் போடும் முறையை எலேனா பராலிஸ், ஸ்டெஃபானோ செரி முதலான இத்தாலிய ஆய்வாளர்கள் தொண்ணூறுகளில் வளர்த்தார்கள். ஒரு விதியின் செயல் இன்னொரு விதியின் நிபந்தனையை உண்மையாக்க முடியுமா என்பதை அந்த இரண்டாவது வரைபடம் காட்டும். சரக்கு 20-க்குக் கீழே போய், நிலுவையில் கொள்முதல் ஆர்டரும் இல்லையென்றால் புதிய கொள்முதல் ஆர்டர் போடு என்பது ஒரு விதி. கொள்முதல் ஆர்டர் வந்தால் சரக்குப் பதிவில் எதிர்பார்ப்பு அளவைத் திருத்து என்பது இன்னொன்று. எழுப்பும் வரைபடத்தில் சுழல் உண்டு, ஆனால் முதல் சுற்று முடிந்ததும் ‘நிலுவையில் எதுவும் இல்லை’ என்பது பொய்யாகிவிடுகிறது, அதை மறுபடி உண்மையாக்கும் செயல் இரண்டு விதியிலும் இல்லை. கருவியாக இதைச் செய்ய நிபந்தனைகளின் தர்க்கத்தையே மென்பொருள் படிக்க வேண்டும்; விற்பனைக்கு வரும் பொதுவான கருவிகளில் அதை எதிர்பார்ப்பதைவிட, மிஞ்சிய நான்கைந்து சுழல்களை மனிதர் உட்கார்ந்து பார்ப்பது மலிவு.

மனிதர் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஒவ்வொரு சுற்றிலும் எது குறைகிறது? ‘மதிப்பு மாறினால் மட்டும் எழுது’ என்ற காவல் இதற்குப் பதில் ஆகாது. 10,200-க்கும் 9,690-க்கும் இடையே ஊசலாடும்போது மதிப்பு ஒவ்வொரு முறையும் உண்மையாகவே மாறுகிறது. நல்ல பதில் எப்படி இருக்கும் என்பதற்குக் கணக்குத் தலைப்புகளின் மரத்தைச் சொல்லலாம். ஒரு தலைப்பின் இருப்பு 100 ரூபாய் கூடினால், அதன் தாய்த் தலைப்பின் இருப்பிலும் 100 ரூபாய் கூட்டும் டிரிகர் தன்னைத்தானே எழுப்பிக்கொள்கிறது. வரைபடத்தில் ஒரே புள்ளியில் திரும்பி வரும் அம்பு. இது ஓயும், ஏனென்றால் ஒவ்வொரு சுற்றிலும் வேரை நோக்கி ஒரு படி ஏறுகிறோம், ஏற வேண்டிய படிகள் ஒன்று குறைகின்றன. இந்த வாதம் மரம் மரமாகவே இருக்கும் என்பதை நம்பி நிற்கிறது. பயணச் செலவின் தாய் அலுவலகச் செலவு, அலுவலகச் செலவின் தாய் பயணச் செலவு என்று யாராவது பதிந்துவிட்டால் அந்த 100 ரூபாய் முடிவில்லாமல் இரண்டுக்கும் இடையே கூடிக்கொண்டே போகும். ஆகவே தாயை மாற்றும்போது மேலே ஏறிப் பார்த்துத் தன்னிடமே திரும்பி வருகிறதா என்று சோதிக்கும் இன்னொரு டிரிகர் வேண்டும். ஒரே நேரத்தில் ஓடும் பரிவர்த்தனைகள் ஒன்றையொன்று எவ்வளவு பார்க்கலாம் என்பதைச் சொல்வது தனிமை நிலை; இயல்பான தனிமை நிலையில் அந்தச் சோதனையும் போதாது: இருவர் ஒரே நேரத்தில் ஆளுக்கு ஒரு பாதியைப் பதிந்தால், ஒவ்வொருவரின் சோதனையும் மற்றவரின் கமிட் ஆகாத மாற்றத்தைப் பார்க்காமல் தேர்ச்சி பெற்றுவிடும், இருவரும் கமிட் செய்த பின் வட்டம் முழுமையாகிவிடும். தாயை மாற்றும் செயலுக்கு மட்டுமாவது ஒரு பூட்டைப் போடுவதோ, போஸ்ட்கிரஸ் 9.1 முதல் சரியாகக் கிடைக்கும், பரிவர்த்தனைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது போன்ற விளைவைத் தரும் முழு வரிசைத் தனிமை நிலையைப் பயன்படுத்துவதோ இங்கே அவசியம். ஓயும் என்ற ஒரு வரி வாதம் எத்தனை கட்டுப்பாடுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதை எழுதிப் பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் அதை டிரிகரின் கருத்துரையிலேயே எழுதி வைக்க வேண்டும் என்கிறேன்.

அட்டவணையை மாற்றி அமைக்கும் வழி பெரிய வேலை போலத் தோன்றினாலும், தள்ளுபடி எடுத்துக்காட்டில் எனக்கு அதுவே சரியான தீர்வு. சுழலின் வேர், ஒரே நெடுவரிசை இரண்டு பொருளைச் சுமப்பதில் இருக்கிறது: தள்ளுபடிக்கு முந்தைய தொகையும் பிந்தைய தொகையும் ஒரே இடத்தில். உருப்படியில் முழுத் தொகை, கழித்த தொகை என்று இரண்டு நெடுவரிசைகளும், ஆர்டரில் முழு மொத்தமும் வைத்து, தள்ளுபடியை முழு மொத்தத்தைப் பார்த்தே முடிவு செய்தால், நெடுவரிசை அளவு வரைபடத்தில் சுழல் இல்லை. ஒரே பதிவுக்குள் கணக்கிடப்படும் மதிப்புகளுக்கு டிரிகரே தேவையில்லை. போஸ்ட்கிரஸ் 12 முதல் கணக்கிடப்படும் நெடுவரிசையாக அறிவித்துவிடலாம். ஆனால் தள்ளுபடிக்கான எல்லை எந்தத் தொகையைக் குறிக்கிறது என்பது நிரலாளர் முடிவு செய்யக்கூடியது அன்று. கடைக்காரரிடம் கேட்டாக வேண்டும், கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். பல சமயம் ஓயாத விதிகள் என்பவை கேட்கப்படாத ஒரு கேள்வியின் அடையாளம்.

ஆக, தேர்வுக்கு வருவோம். புதிதாகத் தொடங்கும், பத்துக்கும் குறைவான டிரிகர்கள் உள்ள அமைப்பு என்றால், ஒரு தாளில் புள்ளியும் அம்பும் போட்டாலே போதும். சுழல் வந்தால் அட்டவணையை அப்போதே திருத்திவிடுவதுதான் மலிவு. பல வருடங்களாகப் பலர் கை பட்ட தரவுத்தளம் ஒன்றைப் பொறுப்பேற்பவர், முதலில் நெடுவரிசை அளவில் வரைபடம் எடுக்கும் ஸ்கிரிப்ட்டை எழுதி, அதை மாற்றங்கள் இணைக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஓட விடுவதே என் பரிந்துரை. முதல் நாள் கிடைக்கும் சுழல்களை அப்படியே ஒரு பட்டியலாக ஏற்றுக்கொண்டு, புதிய சுழல் சேர்ந்தால் மட்டும் இணைப்பைத் தடுக்கச் சொன்னால் குழுவினர் எரிச்சல் அடைய மாட்டார்கள்; பழைய பட்டியலை, பணம் தொடும் அட்டவணைகளிலிருந்து தொடங்கி, வாரம் ஒன்றாகக் காரணம் எழுதியோ உடைத்தோ குறைத்துக்கொண்டு வரலாம். ஆழ வரம்பை நீக்கச் சொல்லவில்லை. அது கார் ஏர்பேக் போல இருக்கட்டும். ஆனால் அது விரிந்த ஒவ்வொரு முறையும் யாருக்காவது எச்சரிக்கை போக வேண்டும், அதன் அளவைக் கூட்டுவதற்கு முன் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். அடுக்கு பூஜ்யமா என்று பார்த்துச் சத்தமில்லாமல் ஒதுங்கும் காவலை மட்டும் எங்கே கண்டாலும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பிழை எழுப்பச் செய்வது நல்லது. ஓயும் விதிகளும் மெதுவாக ஓயலாம் என்பதையும் பட்டியலில் குறித்துக்கொள்ளுங்கள்: 500 உருப்படிகளை ஒரே கட்டளையில் திருத்தும்போது, பதிவு தோறும் எழுந்து 500-ஐயும் கூட்டும் டிரிகர் 2,50,000 பதிவுகளைப் படிக்கிறது, கட்டளைக்கு ஒருமுறை எழுந்தால் 500 போதும்.

கமிட் வரை தள்ளிப்போட்ட டிரிகர்கள் இருந்தால் அவற்றுக்கு மட்டும் தனி எண்ணி ஒன்று வேண்டும். பரிவர்த்தனை முடியும் வரை மட்டும் உயிரோடிருக்கும் அமைப்பு மாறி ஒன்றைப் போஸ்ட்கிரஸில் வைத்துக்கொண்டு, டிரிகர் எழும் ஒவ்வொரு முறையும் அதில் ஒன்றைக் கூட்டி, வழக்கமான பரிவர்த்தனைகளில் அது தொடும் எண்ணிக்கையைவிடப் பத்து மடங்கு தாண்டினால், டிரிகரின் பெயரோடும் பதிவின் சாவியோடும் பிழை எழுப்பலாம். அந்தப் பத்து மடங்கை எங்கே வைப்பது என்று ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு மாதம் பிழை எழுப்பாமல் பரிவர்த்தனைக்கு எத்தனை என்று பதிவேட்டில் மட்டும் எழுதிக்கொண்டு வந்தால், மாதக் கடைசிக் கணக்கு முடிப்பு உட்பட, உங்கள் தரவுத்தளத்தின் வழக்கம் என்ன என்பது எண்ணாகவே வந்து நிற்கும்.